சிறுமியின் கேள்வியும் ஐந்து சகோதரிகளும்

கேள்வி: ஞாயிறு பள்ளியில் யாத்திராகமம் 21-ஆம் அதிகாரம் வாசித்தோம். எஜமான் கோலால் அடித்த அடிமை ஓரிரு நாள் உயிரோடிருந்தால் எஜமானுக்குத் தண்டனை இல்லை என்று வருகிறது. பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தி, “அப்படியென்றால் அடிக்கலாமா, அக்கா?” என்றாள். “வேதத்தைக் கேள்வி கேட்கக் கூடாது” என்று உட்கார வைத்துவிட்டேன். அன்றிலிருந்து மனம் உறுத்துகிறது. என்ன சொல்லியிருக்க வேண்டும்?

பதில்: அன்புச் சகோதரி, “அடிக்கக் கூடாது, கண்ணே” என்று சொல்லியிருக்க வேண்டும். விளக்கமெல்லாம் பிறகு. அடிமை எஜமானின் பணம் என்பதே அந்த வசனம் சொல்லும் காரணம். மனிதனைப் பணமாக எண்ணும் கணக்கை நான் ஏற்கமாட்டேன். அந்தக் காலத்து வழக்கம் என்று மழுப்பவும் மாட்டேன். 19-ஆம் நூற்றாண்டில் அமெரிக்கத் தென்மாநிலங்களில் இத்தகைய வசனங்களைக் காட்டியே பிரசங்க பீடத்திலிருந்து அடிமைமுறைக்கு நியாயம் சொன்னார்கள்.

ஆனால் அதே அதிகாரத்தில் ஐந்து வசனம் தள்ளிப் பாருங்கள். அடிமையின் கண்ணையோ பல்லையோ எஜமான் போக்கினால், அதற்கு ஈடாக அவனை விடுதலை செய்ய வேண்டும். ஏறக்குறைய கி.மு. 1750-ஐச் சேர்ந்த பாபிலோனிய மன்னன் அமுராபியின் சட்டத்தில், பிறனுடைய அடிமையின் கண்ணைக் கெடுத்தவன் அடிமை விலையில் பாதியைக் கட்டினால் போதும். கண்ணை இழந்தவனுக்கு எதுவும் இல்லை. ஓடிவந்த அடிமையை ஒளித்து வைப்பவனுக்கு அங்கே மரணம். உபாகமம் 23-ஆம் அதிகாரமோ, தப்பி வந்தவனை எஜமானிடம் ஒப்புக்கொடுக்காதே என்கிறது.

இன்னொன்று. ஏழையின் போர்வையை அடகாக வாங்கினால் பொழுது சாயுமுன் திருப்பிக் கொடு, வேறு எதைப் போர்த்திப் படுப்பான் என்று கேட்கிறது யாத்திராகமம் 22. 1960-இல் இஸ்ரேல் கடற்கரையில், யவ்னே பக்கத்துப் பழங்கோட்டை ஒன்றில் எழுத்துள்ள பானை ஓடு கிடைத்தது. கி.மு. 7-ஆம் நூற்றாண்டு. அறுவடைக் கூலியாள் ஒருவனின் முறையீடு அது: வேலையை முடித்துவிட்டேன், என் மேலாடையைப் பிடுங்கிக்கொண்டார்கள், கூட அறுத்தவர்கள் சாட்சி சொல்வார்கள், திருப்பி வாங்கித் தாருங்கள். அவன் எந்த வசனத்தையும் எடுத்துக் காட்டவில்லை. ஆனாலும் அந்தச் சட்டம் யாருக்காக எழுதப்பட்டது என்பது அந்த ஓட்டைப் பற்றிப் படித்தபோதுதான் எனக்கு உறைத்தது.

உங்கள் சிறுமிக்கான அதிகாரம் எண்ணாகமம் 27. ஆண்பிள்ளை இல்லாமல் இறந்த செலொப்பியாத்தின் ஐந்து மகள்கள், மோசேக்கும் பிரபுக்களுக்கும் சபை முழுவதற்கும் முன்பாக நின்று, தகப்பனின் பெயர் அற்றுப்போவானேன், எங்களுக்கும் காணி கொடுங்கள் என்கிறார்கள். அவர்கள் பேசுவது சரி என்கிறார் கர்த்தர். மகன் இல்லாவிட்டால் காணி மகளுக்கு என்று சட்டம் பிறக்கிறது. சொந்தக் கோத்திரத்துக்குள்தான் மணம் என்ற கட்டுப்பாடு 36-ஆம் அதிகாரத்தில் வருகிறது, அதையும் மறைக்க வேண்டாம். ஆனால் கேள்வி கேட்டதற்காக அந்தப் பெண்களை யாரும் உட்கார வைக்கவில்லை.

வரும் ஞாயிறு, “உன்னை உட்கார வைத்தது என் தவறு” என்று எல்லாப் பிள்ளைகள் முன்பும் அவளிடம் சொல்லுங்கள். பிறகு அந்த அதிகாரத்தை அவளையே எழுந்து நின்று வாசிக்கச் சொல்லுங்கள். மக்லாள், நோவாள், ஒக்லாள், மில்காள், திர்சாள் என்று ஐந்து பெயர்களையும் விடாமல் வாசிக்கட்டும்.