ஜூனில் வாங்கியது ஆகஸ்டுக்குள் காணாமல் போகிறது: என்ன செய்வது?

கேள்வி: நாங்கள் பெரம்பூரில் இருக்கிறோம். கணவருக்கு மாதம் 38,000 ரூபாய் சம்பளம். மகள் ஏழாம் வகுப்பு, மகன் மூன்றாம் வகுப்பு, இருவரும் தனியார் பள்ளி. கல்விக் கட்டணம் போக, இந்த ஜூனில் சீருடைக்கு 4,600, நோட்டுகளுக்கு 2,900, ஷூவுக்கு 1,900, இரண்டு பைகளுக்கு 1,900, டிபன் பாக்ஸ், தண்ணீர் பாட்டிலுக்கு 1,500, பேனா, பென்சில், ஜியோமெட்ரி பாக்ஸ் வகைக்கு 1,400 என்று 14,200 ரூபாய் ஆனது. ஒவ்வொரு ஆண்டும் இதற்காக 15,000 ரூபாயை மூன்று வட்டிக்கு வாங்கி, தீபாவளி போனஸில் அடைக்கிறோம். அப்படியும் வாரம் 50 ரூபாய்க்கு பென்சில், ரப்பர் வாங்க வேண்டியிருக்கிறது. போன வருடம் மகன் நான்கு பாட்டில்களைத் தொலைத்தான். கோபத்தில் அடித்தும் விட்டேன். வரியில் ஏதாவது கழிக்க முடியுமா? இந்தச் சுழலிலிருந்து எப்படி வெளியே வருவது?

பதில்: சகோதரி, கணக்கை இவ்வளவு தெளிவாக எழுதி அனுப்பியதற்கு நன்றி. பாதி வேலையை நீங்களே முடித்துவிட்டீர்கள்.

வரி விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். பழைய வரி முறையில் பள்ளிச் செலவில் கழிக்க முடிவது கல்விக் கட்டணம் மட்டும்தான். நோட்டு, சீருடை, பை எதுவும் அதில் வராது. உங்கள் கணவரின் சம்பளத்துக்கு எப்படியும் வருமான வரி வராது என்பதால், அந்தப் பக்கம் தேட வேண்டாம்.

இப்போது நீங்கள் கூட்டாமல் விட்டதைக் கூட்டிப் பார்க்கிறேன். வாரம் 50 ரூபாய் என்றால் பள்ளி நடக்கும் 40 வாரங்களுக்கு 2,000. நான்கு பாட்டில்கள், ஒன்று 250 என்று வைத்தால் 1,000. "அம்மா, நாளைக்கு சார்ட் வேணும்" என்று ராத்திரி ஒன்பது மணிக்குச் சொல்லி, திறந்திருக்கிற ஒரே கடையில் கேட்ட விலைக்கு வாங்குவது எல்லா வீட்டிலும் உண்டு. அதற்கு 1,500 போடுங்கள். கடனுக்கு மாதம் 450 வீதம் ஐந்து மாத வட்டி 2,250. மொத்தம் 6,750 ரூபாய். ஜூன் செலவில் கிட்டத்தட்ட பாதி, புதிதாக எதையும் வாங்கித் தராமலே போய்விடுகிறது. உங்களைத் திணற வைப்பது இந்த 6,750தான். இதைக் குறைக்க முடியும்.

அதற்கு முன் ஒன்று சொல்லியாக வேண்டும். பாட்டிலுக்காக அந்தப் பையனை இனி அடிக்காதீர்கள். எட்டு வயதுக் குழந்தைக்கு எதை எங்கே வைப்பது என்று யாராவது பழக்கித்தான் வரும். இடம் சொல்லித் தராத பொருளை எந்தக் குழந்தையும் தொலைக்கும்.

வீட்டில் ஒரு பழைய பிஸ்கட் டின்னை எடுங்கள். ஆண்டுக்கு வேண்டிய பென்சில், ரப்பர், ஷார்ப்னர், பேனா எல்லாம் மொத்தமாக வாங்கி அதில் போட்டு, உங்கள் பொறுப்பில் வைத்துக்கொள்ளுங்கள். மகனின் பவுச்சில் இரண்டு பென்சில், ஒரு ரப்பர், ஒரு ஷார்ப்னர், பெயர் ஒட்டியது, அவ்வளவுதான் இருக்க வேண்டும். துண்டுப் பென்சிலைக் கொண்டுவந்து கொடுத்தால் டின்னிலிருந்து புதுசு. தொலைத்துவிட்டால் திட்ட வேண்டாம். எங்கே விட்டான் என்று அடுத்த நாள் தேடிப் பார்த்துவிட்டு வந்து சொன்னால் போதும். என்னிடம் ஆலோசனைக்கு வரும் குடும்பங்களில் இதைச் செய்தவர்கள், ஒரு மாதத்தில் வாரச் செலவு நின்றுவிட்டதாகச் சொல்லியிருக்கிறார்கள். டின்னுக்குப் பக்கத்திலேயே ஆறு சார்ட், கொஞ்சம் கலர் பேப்பர், ஒரு பசை பாட்டில். வெள்ளிக்கிழமை மாலை இருவரின் டைரியையும் ஒரு பார்வை பார்த்தால், ஒன்பது மணி ஓட்டம் அநேகமாக இருக்காது.

டைம் டேபிளை இரண்டு பிரதி எழுதி, ஒன்றைப் பை வைக்கும் இடத்துக்கு மேலே சுவரில் ஒட்டுங்கள், இன்னொன்றைப் பைக்குள். பிரவுன் ஷீட் போட்டால் எல்லா நோட்டும் ஒரே மாதிரிதான் தெரியும். அதனால் முதுகுப் பக்கம் பாடத்துக்கு ஒரு நிறத்தில் டேப் ஒட்டுங்கள்: கணக்குக்கு நீலம், அறிவியலுக்குப் பச்சை என்று. ராத்திரி சாப்பாட்டுக்கு முன் பையை அடுக்கும் வேலை பிள்ளைகளுடையது. நீங்கள் பக்கத்தில் நின்றால் போதும், கை வைக்காதீர்கள். காலியான டிபன் பாக்ஸும் பாட்டிலும் சமையலறை மேடைக்கு வந்த பிறகுதான் விளையாட்டு. பாட்டில் வரவில்லை என்பது அன்று மாலையே தெரிந்துவிட்டால், மறுநாள் வகுப்பறையிலோ வேனிலோ தேட முடியும். மூன்று நாள் கழித்துத் தெரிந்தால் கிடைப்பது கஷ்டம்.

பை விஷயமும் பணத்தோடு சேர்ந்ததுதான். மத்திய அரசின் 2020 பள்ளிப் பை கொள்கைப்படி, பையின் எடை குழந்தையின் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. மூன்றாம் வகுப்புக்கு 1.7 முதல் 2.5 கிலோ, ஏழாம் வகுப்புக்கு 2 முதல் 3 கிலோ. அன்றைய பாட நோட்டு மட்டும் போனால் தோளும் பிழைக்கும், பையும் பிழைக்கும். ஜிப் போய்விட்டால் ரன்னர் மாற்றித் தரும் பை ரிப்பேர் கடைக்குக் கொண்டுபோங்கள். இந்த ஜூனில் வாங்கிய இரண்டு பைகளும் அடுத்த ஆண்டும் வர வேண்டும்.

நோட்டுகளை மே மாதமே பாரிமுனை பந்தர் தெருவில் டஜன் கணக்கில் வாங்குங்கள். பள்ளிப் பட்டியல் கையில் இருக்கட்டும்; கோடு போட்டதா, போடாததா என்பது மாறினால் காசு வீண். பக்கத்து வீட்டு அம்மாவோடு சேர்ந்து போனால் டஜனைப் பிரித்துக்கொள்ளலாம். 2025 செப்டம்பர் 22 முதல் நோட்டு, பென்சில், ரப்பர், ஷார்ப்னர், கிரேயான் ஆகியவற்றுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. பில்லில் வரி போட்டிருந்தால் கேளுங்கள். பழைய நோட்டுகளில் மிஞ்சும் எழுதாத தாள்களை என் அம்மா ஏப்ரலில் பிரித்தெடுத்து ஊசி நூலால் தைத்துத் தருவார். எனக்குப் பத்தாம் வகுப்பு வரை ரஃப் நோட்டு அதுதான். உங்கள் பிள்ளைகளுக்கும் போதும்.

பை, டிபன் பாக்ஸ், பாட்டில் மூன்றும் தப்பித்தால் அடுத்த ஜூன் தேவை 10,800 ரூபாய். வங்கியில் ஒன்பது மாத ஆர்.டி. (மாதாமாதம் ஒரே தொகையைக் கட்டும் தொடர் வைப்பு) போடுங்கள்: ஆகஸ்ட் 5-ல் தொடங்கி ஏப்ரல் வரை மாதம் 1,200. மே முதல் வாரத்தில் 10,800 ரூபாயும் கொஞ்சம் வட்டியும் கைக்கு வரும். சில வங்கிகள் 12 மாதத்துக்குக் குறைந்து ஆர்.டி. தருவதில்லை, கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். அஞ்சலக ஆர்.டி. நல்ல திட்டம்தான், ஆனால் அது ஐந்து ஆண்டுக்கானது, இதற்குப் பொருந்தாது.

மாதம் 1,200 எங்கிருந்து வரும் என்பீர்கள். பென்சில் செலவில் 200, பாட்டிலும் சார்ட்டும் சேர்ந்து மாதத்துக்கு 250. அப்புறம் அந்த மூன்று வட்டிக் கடன். மூன்று வட்டி என்றால் ஆண்டுக்கு 36 சதவீதம். வீட்டில் ஒரு மோதிரம் இருந்தாலும் வங்கியில் வைத்து நகைக்கடன் வாங்கி, மூன்று வட்டிக் கடனை இந்த வாரமே அடைத்துவிடுங்கள். 10 சதவீத வட்டி என்று வைத்துக்கொண்டால் மாதம் 125 ரூபாய்தான், 325 மிச்சம். ஆக 775 ரூபாய் வந்துவிட்டது. மீதி 425-ஐ மட்டும் வீட்டுச் செலவில் பிடிக்க வேண்டும். அது சிரமம்தான், தெரியும். முதல் ஆண்டு மட்டும் பல்லைக் கடித்துக்கொள்ளுங்கள். தீபாவளி போனஸில் நகையை மீட்டுவிட்டால் அந்த 125-உம் உங்களுடையது. நகையை வைக்கும்போது ரசீதில் வட்டி விகிதத்தையும் மீட்க வேண்டிய தேதியையும் படித்துப் பாருங்கள். அந்தத் தேதியை, சுவரில் ஒட்டிய டைம் டேபிளுக்குப் பக்கத்திலேயே பெரிதாக எழுதி ஒட்டுங்கள்.