சவரக்கத்திக்குச் சிலேட்டுக் கல்: கேளுங்கள், சொல்கிறேன்

சிலேட்டுக் கல்லை அறுத்து, மட்டம் செய்து, மடக்குச் சவரக்கத்தி தீட்ட ஆகுமா என்று சோதிப்பதைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கல்லை உலர வைத்து அறுக்காதீர்கள். இதை இன்னும் பலமுறை சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கே: கூரைக்குப் போடும் சிலேட்டு ஓட்டில் தீட்டலாமா அண்ணா?

கல் ஒன்றுதான் தம்பி. ஆனால் ஓட்டுக்குத் தேர்ந்தெடுக்கும்போது மழை தாங்குமா என்று பார்ப்பார்கள், துகள் நைசாக இருக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. தடிமனும் போதாது. தட்டையான பலகையில் ஒட்டிப் பயன்படுத்திப் பாருங்கள். பத்தில் ஒன்று தேறினால் அதிர்ஷ்டம்.

கே: ஒரு பாறைத் துண்டு கையில் இருக்கிறது. அறுப்பதற்கு முன் என்ன பார்க்க வேண்டும்?

முதலில் காது. கல்லை இரண்டு விரல் நுனியில் தாங்கி, விரல் முட்டியால் தட்டுங்கள். 'கிண்' என்றால் நல்லது. 'டொக்' என்றால் உள்ளே விரிசல்.

அடுத்து நன்றாக நனைத்து, காயும்போது கவனியுங்கள். மேற்பரப்பு வெளுத்த பிறகும் எங்கேயாவது ஒரு கோடு மட்டும் கறுப்பாக நின்றால், அங்கே நீர் உள்ளே இறங்கியிருக்கிறது. அந்தக் கோட்டில் ஒருநாள் பிளக்கும்.

அப்புறம் வெள்ளை நரம்புகள். ஆணியால் கீறிப் பாருங்கள். சுலபமாகக் கீறல் விழுந்து, அந்தப் பொடியில் வினிகர் விட்டால் குமிழி வந்தால் அது கால்சைட். கத்தியைக் கெடுக்காது, ஆனால் உதிர்ந்து குழி விழும். ஆணியே வழுக்கினால் அது குவார்ட்ஸ், கத்தி எஃகைவிடக் கடினம். அந்தப் பகுதியை ஒதுக்கிவிட்டு அறுங்கள். பொன்னிறப் புள்ளிகள் இருந்தால் பைரைட். இதில் எனக்கு அனுபவம் உண்டு. ஒரு கல்லில் கடுகளவு பைரைட் இருந்ததைப் பார்த்தும் 'பரவாயில்லை' என்று தீட்டினேன். கத்தியின் வாயில், அதாவது வெட்டும் விளிம்பில், வரிசையாகப் பொக்கை விழுந்து, முதல் கல்லிலிருந்து மறுபடி ஆரம்பிக்க வேண்டியதாயிற்று.

கே: எந்தத் திசையில் அறுப்பது? வண்ணப் பட்டை போகும் திசையிலா?

இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். வண்ணப் பட்டை என்பது ஆதியில் சேறு படிந்த அடுக்கு. பிறகு அந்தச் சேறு இறுகி, பூமியின் அழுத்தத்தில் நசுங்கியபோது, காக்காப்பொன் என்கிறோமே, அந்த அபிரகத்தின் நுண்தகடுகள் எல்லாம் அழுத்தத்துக்குக் குறுக்காக ஒரே வாக்கில் திரும்பிப் படுத்துவிட்டன. சிலேட்டு பிளப்பது அந்த வாக்கில். இரண்டு திசையும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. பட்டை குறுக்கே சாய்ந்து ஓடும் கற்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஓரத்தில் உளியை வைத்து மெதுவாகத் தட்டுங்கள், கல்லே சொல்லிவிடும். பிளக்கும் வாக்குக்கு இணையாகத் தீட்டும் முகம் அமைய வேண்டும். குறுக்கே அறுத்தால் தகடுகளின் முனைகள் மேலே நிற்கும். வேகமாக அரிக்கும், உண்மைதான், ஆனால் துணுக்கு உதிரும், சவரத்தில் முரடாகத் தெரியும். பக்கவாட்டில் அடுக்குப் பிரியாமல் இருக்க வார்னிஷ் பூசுங்கள்.

கே: டைல்ஸ் அறுக்கும் மெஷின் போதுமா?

தண்ணீர்த் தொட்டியும் டைமண்ட் பிளேடும் உள்ளதென்றால் போதும். நீர் எப்போதும் பிளேடில் படவேண்டும். சிலேட்டுத் தூசில் சிலிக்கா இருக்கிறது. நுரையீரலில் போனால் சிலிக்கோசிஸ், அதைக் குணப்படுத்த வழி இல்லை. துணி முகமூடி இதைத் தடுக்காது. தரையில் சிந்திய சேறு காய்ந்தால் மறுபடி தூசுதான், ஈரமாகவே துடைத்தெடுங்கள்.

கே: மட்டம் செய்வது?

தடித்த கண்ணாடிமேல் சிலிக்கன் கார்பைடு பொடியும் நீரும். 120 எண் பொடியில் தொடங்கி 220, 400 என்று ஏறுங்கள் (எண் ஏற ஏறத் துகள் நைசு). பென்சிலால் கட்டம் போட்டுத் தேய்த்து, எல்லாக் கோடும் ஒன்றாக அழிந்தால் மட்டம்.

கே: என் கல் கருநீலம். எத்தனையாம் எண்? 8000 இருக்குமா?

இயற்கைக் கல்லுக்கு எண் கிடையாது.

கே: விற்பவர்கள் 12000 என்று போடுகிறார்களே?

விற்பவர்கள் போடுவார்கள்.

கே: அப்படித் தட்டிக்கழிக்காதீர்கள் ஐயா. துகளின் அளவை அளந்தால் எண் வந்துவிடாதா?

வராது. சரி, விரிவாகவே சொல்கிறேன். செயற்கைக் கல்லில் துகளைத் தரம் பிரித்துச் சேர்க்கிறார்கள், எண் அதைக் குறிக்கிறது. 1000 என்றால் ஏறக்குறைய 11 முதல் 15 மைக்ரான், 8000 என்றால் ஒரு மைக்ரானுக்குச் சற்று மேல். இப்போது பெல்ஜியத்தின் ஆர்டென் மலைப்பகுதியில் கிடைக்கும் கோட்டிக்யூல் கல்லை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் அரிப்பது கார்னெட் மணிகள். அவை 5 முதல் 15 மைக்ரான் வரை இருக்கும். உங்கள் கணக்குப்படி அது 1000 எண் கல்லாக அல்லவா இருக்க வேண்டும்? ஆனால் தலைமுறை தலைமுறையாக அதைச் சவரக்கத்தியின் கடைசிக் கல்லாக வைத்திருக்கிறார்கள். ஏனென்றால் அந்த மணி பன்முகம் கொண்டு உருண்டு இருக்கிறது, ஆழமாகக் கீறாது. துகளின் வடிவம், எவ்வளவு வெளியே துருத்துகிறது, எதில் பதிந்திருக்கிறது, எல்லாம் சேர்ந்துதான் விளைவு.

கே (வேறொருவர்): கோட்டிக்யூல் சிலேட்டே அல்லவே. அதை வைத்து வாதாடலாமா?

நியாயமான குறுக்கீடு. சிலேட்டையே எடுப்போம். ஒரே கல்லை 400 பொடியில் தேய்த்துவிட்டுத் தீட்டுங்கள். பிறகு 2000 வாட்டர் பேப்பரில் வழவழப்பாக்கித் தீட்டுங்கள். அதே கல், இரண்டு வேறு வாய். இதில் எதற்கு எண் போடப் போகிறீர்கள்?

கே (முதலில் கேட்டவர்): அப்படியானால் '8000 போன்றது' என்று சொல்வதும் தவறா?

'போன்றது' என்றால் சண்டை இல்லை. அந்த ஒரு சொல்லைப் பெட்டியில் அச்சிட மாட்டேன் என்கிறார்கள், அதுதான் என் கோபம்.

கே: பிறகு எப்படித்தான் சோதிப்பது?

ஒரே மாதிரி இரண்டு கத்திகளை எடுத்து, இரண்டையும் 8000 செயற்கைக் கல் வரை கொண்டுவாருங்கள். ஒன்றை அங்கேயே நிறுத்துங்கள். மற்றதை உங்கள் சிலேட்டில், வெறும் நீரில், கத்தியின் எடைக்குமேல் அழுத்தாமல் ஐம்பது அறுபது முறை தீட்டுங்கள். நீர் கொஞ்சம் கறுக்க வேண்டும். கறுக்கவே இல்லையென்றால் கல் அரிக்கவில்லை. உருப்பெருக்கி லென்ஸில் மங்கலான பளபளப்பு தெரியலாம். அதன் நடுவே ஒற்றையாக ஆழமான கீறல் வந்தால் எங்கேயோ முரட்டுத் துகள் இருக்கிறது. கல்லைக் கால்கால் பகுதியாகப் பயன்படுத்திப் பார்த்து இடத்தைப் பிடியுங்கள். இரண்டையும் தோல்வாரில் ஒரே அளவு இழுத்து, ஒரு கன்னத்துக்கு ஒரு கத்தி. மயிரைத் தொங்கவிட்டு அறுக்கும் வித்தையை நான் நம்புவதில்லை. மயிருக்கு மயிர் மாறும்.

கே: சமையல் கத்திக்கு இந்தக் கல்?

தேவையில்லை. 1000 எண் செயற்கைக் கல் வாங்குங்கள்.

கே: என் பாட்டனார் வைத்திருந்த துரிங்கியா கல் (ஜெர்மனியின் சிலேட்டுத் தீட்டுக்கல்), லேபிளோடு. என்ன விலை போகும்?

விலை எனக்குத் தெரிந்த துறை அல்ல, பழம்பொருள் சேகரிப்பவர்களைக் கேளுங்கள். லேபிளை மட்டும் நனைத்துவிடாதீர்கள்.

கே: என் கல் பச்சை. எண் என்ன?

மேலே பாருங்கள்.

கே: சாம்பல் நிறக் கல்லுக்கு...

மேலே பாருங்கள்.

கே: மெஷின் இல்லை. கை கிரைண்டரில், வாசலில் காற்றோட்டமாக வைத்து உலர அறுத்தால்?

கூடாது. காற்று தூசை உங்கள் முகத்துக்கும் கொண்டுவரும். கை கிரைண்டரில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே அறுக்கவும் வேண்டாம், மின்சாரம் பாயும். ஹாக்ஸா போதும். சிலேட்டு அவ்வளவு கடினமில்லை. நீர் சொட்டச் சொட்ட இழுங்கள். இரண்டு மூன்று பிளேடு தேயும், ஒரு மாலைப்பொழுது போகும்.

கே (எண் கேட்டவர், மறுநாள்): நீங்கள் சொன்னபடி இரண்டு கன்னத்திலும் பார்த்தேன். சிலேட்டு வைத்த பக்கம் எரிச்சலே இல்லை. அப்படியானால் 10000 இருக்குமோ?

நல்ல கல், பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். அடுத்தவர் கேட்கலாம்.