விடுதியில் தண்ணீர் இல்லை, வாசலில் கூட்டம்: பதில்

பினாங்கு பல்கலைக்கழக மாணவர் விடுதியில் மூன்று நாளாகத் தண்ணீர் இல்லை, இன்றிரவு மாணவர்கள் அலுவலக வாசலில் கூடப்போகிறார்கள், கூடுதல் காவலர்களை நிறுத்தலாமா என்று கேட்டிருந்தீர்கள் சார். அதற்கு முன் தண்ணீர் லாரியை வரவழையுங்கள். கூட்டம் சேருமுன் லாரி வந்தால் பாதிச் சூடு தணியும்.

நான்கைந்து பேரை உள்ளே அழைத்துப் பேசுங்கள். பராமரிப்புப் பிரிவு ஆள் கட்டாயம் பக்கத்தில் இருக்க வேண்டும். “மேலிடத்தில் சொல்கிறோம்” என்ற பதிலுக்குத்தான் கூட்டம் இரட்டிப்பாகும். எந்தப் பம்ப் பழுது, எந்தத் தளத்துக்கு எத்தனை மணிக்குத் தண்ணீர் ஏறும் என்று எழுதி, கையெழுத்திட்டு, இரவே புளோக் வாட்ஸ்அப் குழுவில் போடுங்கள்.

மெட்ரிக் அட்டையை, அதாவது மாணவர் அடையாள அட்டையை, பிடுங்காதீர்கள். தண்ணீர்ப் புகார் உரிமைப் போராட்டமாகிவிடும். மாணவர் நடவடிக்கைகளைக் கட்டுப்படுத்தும் மலேசியாவின் 1971ஆம் ஆண்டுப் பல்கலைக்கழகச் சட்டத்தைக் காட்டி மிரட்டுவதும் வீண். 2012 திருத்தத்துக்குப் பின் மாணவர்கள் அரசியல் கட்சியிலேயே சேரலாம், இதற்கா பயப்படுவார்கள்?