குகைப் படிவுகளை வைத்துப் பழங்கால மழையைச் சொல்வது வெறும் ஊகம்தானே?

"ஊகம்தானே" என்று கேட்டிருக்கிறீர்கள். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். 'நாலாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய வறட்சி' என்று எங்கோ படித்துவிட்டு, அதை யார் பார்த்தார்கள் என்று எரிச்சலாகியிருப்பீர்கள். நான் விஞ்ஞானி இல்லை. ஓர் ஆய்வகத்தில் இந்தக் கற்களை அறுத்துத் தூள் எடுக்கும் வேலையில் பல ஆண்டுகள் இருந்தவன்.

குகைத் தரையிலிருந்து எழும் ஸ்டாலக்மைட்டை நெடுக்காக அறுத்து மெருகேற்றினால் மெல்லிய வரிகள் அடுக்கடுக்காகத் தெரியும். கூரையிலிருந்து சொட்டும் நீர் கரியமில வாயுவை இழக்கும்போது படியும் கால்சைட் என்ற சுண்ணாம்புக் கனிமம் அது. நுண்துளைக் கருவியை அந்த வரியை ஒட்டியே நகர்த்த வேண்டும். கை சற்று நழுவினாலும் பக்கத்து நூற்றாண்டு வந்து கலந்துவிடும். துளைக்குத் துளை முனையை நீர்த்த அமிலத்தில் கழுவுவோம். தூள் பறந்துவிடும் என்று மின்விசிறிகூடப் போட மாட்டோம்.

வரியின் வயதைச் சொல்பவை யுரேனியமும் தோரியமும். யுரேனியம் நீரில் கரையும், தோரியம் அநேகமாகக் கரையாது. அதனால் புதிதாகப் படிந்த வரியில் யுரேனியம் மட்டுமே இருக்கும். அது சிதையச் சிதையத் தோரியம்-230 சேரும். இரண்டின் விகிதத்தை அளந்து சுமார் 6 லட்சம் ஆண்டுகள் வரை வயது சொல்லலாம். இதில் ஊகத்துக்கு எங்கே இடம்? மண் கலந்த வரி வயதைக் கூட்டிக் காட்டும் என்று உடனே ஒருவர் வருவார். உண்மைதான், அதற்குத் திருத்தமும் உண்டு, பிழை வரம்பையும் சேர்த்தே வெளியிடுகிறார்கள்.

மழைக் கணக்கு அவ்வளவு நேரானதல்ல. பருவமழைப் பகுதிகளில், ஆக்சிஜனின் கனமான வகையான ஆக்சிஜன்-18 படிவில் குறைந்தால் மழை வலுத்தது என்று பொதுவாகக் கொள்கிறார்கள். ஈரக்காற்று வந்த வழி மாறினாலும் அந்த எண் மாறும். அதற்காக மொத்தத்தையும் தள்ளிவிடுவதா? சீனாவின் ஹுலு குகைப் படிவுகள் பற்றி 2001-இல் வெளியான காலநிலைப் பதிவு கிரீன்லாந்துப் பனிப்பாளத்தின் பதிவோடு பொருந்தியது. மேகாலயாவின் மாவ்ம்லூ குகைப் படிவில் தெரிந்த 4,200 ஆண்டுகளுக்கு முந்தைய மாற்றத்தை எல்லையாக வைத்துத்தான், இன்றுவரை நீளும் நிலவியல் காலப்பிரிவுக்கு 2018-இல் 'மேகாலயன்' என்று பெயரிட்டார்கள்.

நான் தூள் எடுத்த கல்லைப் பற்றியும் கட்டுரை வந்தது. குகைக்குள் ஒருமுறைகூட இறங்காதவர்கள் ஆசிரியர் பட்டியலில் இருந்தார்கள். துளையிட்டவர்களுக்கு நன்றியுரையில்கூட இடமில்லை. பொறாமை என்பவர்கள் சொல்லிக்கொள்ளட்டும், அந்த வேலையைச் செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும்.

அடுத்த முறை இப்படிச் செய்தி படித்தால், ஒரே கல்லை மட்டும் நம்பிச் சொன்னார்களா, அதே குகையின் இன்னொரு கல்லும் அதையே காட்டியதா என்று தேடிப் பாருங்கள். ஒரே கல்தான் என்றால் உங்கள் சந்தேகத்தோடு நானும் நிற்பேன்.