மஞ்சள் கள்ளி பச்சையானால் என்ன செய்வது? மாடித்தோட்டக் கேள்வி பதில்

கலப்பு நிறக் கள்ளி பற்றி வந்த கேள்விகளுக்கு, கே.கே. நகர் மொட்டை மாடியில் தொட்டிகளோடு மல்லுக்கட்டும் அக்காவின் பதில்கள்.

பெரம்பூர்: அக்கா, பாதி மஞ்சள் பாதி பச்சையா ஒரு ஜிம்னோகலிசியம் (சின்ன உருண்டைக் கள்ளி) வாங்கினேன். ஒன்றரை வருஷத்துல முக்கால்வாசி பச்சை. உரம் பத்தலையா?

உரத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை, தம்பி. ஒரே உடம்புல ரெண்டு வகைத் திசு குடித்தனம் பண்ணுது. பச்சையம் இருக்கிற பக்கம் சம்பாதிக்குது. மஞ்சள் பக்கம் உட்கார்ந்து சாப்பிடுது. சம்பாதிக்கிற பக்கம்தான் வேகமா வளரும். உச்சியில இருக்கிற குருத்தை அது முழுசாப் பிடிச்சிட்டா, இனி வர்றதெல்லாம் பச்சைதான். ஆனா பக்கவாட்டுல குட்டி விடுதான்னு பாருங்க. எந்தத் திசுவிலிருந்து முளைக்குதோ அந்த நிறம்தான் குட்டிக்கு. மஞ்சள் கோட்டுல வந்தா எடுத்து வேற பச்சைக் கள்ளித் தண்டு மேல ஒட்டுக்கட்டிடலாம். முழு மஞ்சள் குட்டியை மண்ணுல நட்டா பிழைக்காது.

வேளச்சேரி: மஞ்சள் கள்ளி மாடிக்கு வந்ததும் ஆரஞ்சாகி, ஓரம் ஊதாவாகுது மேடம். அழகா இருக்கு, விட்டுடலாமா?

அது வெயிலுக்குப் போட்டுக்கிற சாயம். பீட்ரூட்டுக்கும் காகிதப்பூவுக்கும் நிறம் தர்ற பீட்டாலெயின்தான் கள்ளியிலயும். நிழலுக்கு மாத்தினா மெதுவா இறங்கிடும். ஆனா வெளுத்துக் காய்ஞ்ச திட்டு வந்தா அது சாயம் இல்லை, தோல் வெந்துபோச்சு, தழும்பு மறையாது. பச்சையம் இல்லாத பகுதிதான் முதல்ல வேகும். தண்ணித்தொட்டி கழுவ ஒரே ஒரு மத்தியானம் நிழல்வலையைக் கழட்டினேன். மூணு செடி போச்சு. அதுவும் கத்திரி வெயில்ல! 50 சதவீத நிழல்வலை, காலை வெயில் மட்டும் போதும்.

தாம்பரம்: சிவப்பு உருண்டைக்குக் கீழே தண்டுல பச்சைக் கிளை வருதுங்க.

உடனே கிள்ளிடுங்க. உங்களது ஒட்டுக்கட்டின செடி. கீழ இருக்கிறது டிராகன் பழ வகைத் தண்டு. தன் சாப்பாட்டைத் தன் கிளைக்கே கொடுக்கும். மேல இருக்கிற சிவப்புல பச்சையமே கிடையாது. 1941-ல ஜப்பான்ல வாத்தனாபேங்கிறவர் நாற்றுகளுக்கு நடுவுல சிவப்பைப் பார்த்து, ஒட்டுக்கட்டிக் காப்பாத்தின வகை அது. குளிர் நாடுகள்ல பனி அந்தத் தண்டைக் கொல்லும். நமக்கு அந்தக் கவலை இல்லை. ஐப்பசி மழைதான் எமன். கூரைக்குக் கீழ வைங்க.

அம்பத்தூர்: அடியில பழுப்பு ஏறுது.

அழுத்திப் பாருங்க. கெட்டியா இருந்தா வயசு. கொழகொழன்னா அழுகல். உச்சியிலயே துரு மாதிரி படர்ந்தா சிலந்திப்பேன்.

மயிலாப்பூர்: நீல நிறக் கள்ளி ஒண்ணு பார்த்தேன், வாங்கலாமா?

பளிச்னு நீலம்னா பெயின்ட். புதுசா வளர்றது பச்சையா வரும். காசு மிச்சம்.

அடையாறு: என் வெள்ளைக் கள்ளியைக் கீறினா பால் வருது. இது நோயா?

நோய் இல்லை சார், அது பெரும்பாலும் கேக்டஸ் குடும்பமே இல்லை, யூஃபோர்பியா. நம்ம திருகுகள்ளிக்குச் சொந்தம். அந்தப் பால் கண்ணுல பட்டா எரிச்சல் தாங்காது. கையைக் கழுவிட்டுத்தான் கேள்வி எழுதினீங்கன்னு நம்புறேன்.