கட்டடத்துக்குள் நகர்த்தி வைக்கும் மரக் காபிக் கடையை எப்படி வடிவமைப்பது?

அலுவலகம், மண்டபம் மாதிரி இடங்களுக்குள் கழற்றி எடுத்துப் போகும்படி மரத்தில் சின்னக் காபிக் கடை செய்ய என்ன பார்க்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் கோவையில் மரவேலை செய்கிறேன். இப்படி மூன்று கடைகள் செய்து கொடுத்திருக்கிறேன். படம் போடுவதற்கு முன்னால் டேப்போடு போய் அந்தக் கட்டடத்தின் லிஃப்ட் கதவை அளந்துவிடுங்கள்.

முதல் கடையை ஆறடி நீளத்தில் ஒரே கவுன்டராகச் செய்தேன். பட்டறையில் பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. லிஃப்டில் நுழையவில்லை. மூன்றாவது மாடிக்குப் படியில் தூக்கிப் போனபோது திருப்பத்தில் சுவரில் இடித்து ஒரு பக்கப் பலகையே பெயர்ந்துவிட்டது. எட்டுப் பேர் ஏறும் லிஃப்டில் கதவு பெரும்பாலும் 800 மி.மீ. தான். அதனால் இப்போது 600 மி.மீ. அகலத்தில் மூன்று பெட்டிகளாகப் பிரித்துவிடுகிறேன். எட்டடிக்கு நாலடி பிளைவுட்டின் அகலம் 1220 மி.மீ.; ரம்பம் தின்பது போக இரண்டு 600 வந்துவிடும், சேதாரமும் குறைவு.

தண்ணீர் புழங்கும் இடம், எனவே ஐ.எஸ். 710 (மரைன் பிளைவுட்டுக்கான இந்தியத் தர எண்) முத்திரை உள்ள, தண்ணீர் தாங்கும் மரைன் பிளைவுட் வாங்குங்கள். வெட்டிய விளிம்பு எதையும் மூடாமல் விடாதீர்கள், அங்கேதான் ஊறி உப்பும். கை படும் விளிம்புக்கு மட்டும் தேக்கு பீடிங் (மெல்லிய மரப் பட்டி) அடித்தால் போதும். தொட்டால் மரக்கடை என்று தெரியும்.

பெட்டிகளை இணைக்க ஸ்குரூ வேண்டாம். நாலைந்து முறை கழற்றி மாட்டினால் ஓட்டை தளர்ந்து பிடி போய்விடும். ஒரு பக்கம் இன்சர்ட் நட்டை (மரத்துக்குள் பதிக்கும், உள்ளே மரை உள்ள உலோக நட்) பதித்து, மறுபக்கத்திலிருந்து எம்8, அதாவது 8 மி.மீ. போல்ட் போடுங்கள்.

அப்புறம், மேற்கூரை. இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் ஒரு காபி மாஸ்டர். இரண்டாவது கடைக்கு ஆறரை அடி உயரத்தில் முன்பக்கம் ஒரு சட்டம் கொடுத்திருந்தேன். அவர் முதல் காபியை ஆற்றக் கையைத் தூக்கினார்; டம்ளர் சட்டத்தில் மோதி, சூடான காபி அவர் மணிக்கட்டில் வழிந்தது. அன்றைக்கே சட்டத்தைக் கழற்றினேன். இப்போதெல்லாம் பெட்டிகளைப் பட்டறையில் அடுக்கி, மாஸ்டரை வரச்சொல்லி, வெறும் தண்ணீரை டவராவிலும் டம்ளரிலும் ஆற்றச் சொல்லிப் பார்க்கிறேன். கை போகிற உயரத்துக்கு மேலே அரை அடி விட்டுத்தான் சட்டம். வேலை செய்யும் தட்டு தரையிலிருந்து 900 மி.மீ. உயரம் என்று வைத்துக்கொண்டு, அவர் உயரத்துக்கு ஏற்ப ஏற்றி இறக்குங்கள்.

சக்கரம் நாலு அங்குல பாலியூரித்தேன், பிரேக் உள்ளதாக இருக்கட்டும். கறுப்பு ரப்பர் பளிங்குத் தரையில் கறை விடும்.

உள்ளே கேஸ் வேண்டாம், மின்சாரம்தான். ஒரு 16 ஆம்பியர் சாக்கெட் சுமார் 3,600 வாட் தாங்கும். 2,000 வாட் இண்டக்ஷன் அடுப்பும் 2,000 வாட் பாய்லரும் ஒரே லைனில் ஓடினால் அந்த அளவைத் தாண்டிவிடும். கட்டட நிர்வாகத்திடம் தனித்தனியாக இரண்டு லைன் கேட்டு வாங்குங்கள். 20 லிட்டர் தண்ணீர் கேன் அடித்தட்டில் இருக்கட்டும். கழிவுநீர் கேன் அதைவிடப் பெரிதாக இருந்தால் வழியாது.

லிஃப்ட் கதவு அளவையும் மாஸ்டரின் உயரத்தையும் இங்கே எழுதுங்கள். பெட்டி அளவு போட்டுத் தருகிறேன்.