மறு: 13 தாளும் தேறிவிட்டேன், ஒப்புதல்தான் கிடைக்கவில்லை

ரோஸ் ஹில் சகோதரி, ஏ.சி.சி.ஏ. என்னும் பட்டயக் கணக்காளர் தகுதியின் 13 தாள்களையும் தேறிய பிறகு, மேலாளர் கணக்காளர் அல்லர் என்பதால் உறுப்பினராகத் தேவையான 36 மாத வேலை அனுபவம் ஒப்புதலின்றி முடங்கிக் கிடக்கிறது என்கிறீர்கள். படிக்கும்போதே எரிச்சல் வந்தது. மொரீசியஸ் தலைநகர் போர்ட் லூயியில் எனக்கும் இதே கதைதான். வீடு திரும்பும் பஸ்ஸில் அழுதிருக்கிறேன்.

வேலை பார்த்த காலத்தை மேலாளரே உறுதி செய்யலாம். வேலையில் செய்து காட்ட வேண்டிய 9 செயல்திறன் இலக்குகளுக்கு ஒப்புதல் தரத்தான் தகுதிபெற்ற கணக்காளர் வேண்டும். அவர் உங்கள் அலுவலகத்தவராக இருக்க வேண்டியதில்லை. ஆண்டுதோறும் உங்கள் பேரேட்டைப் புரட்டும் வெளித் தணிக்கையாளரைக் கேளுங்கள். எனக்கு அப்படி ஒருவர்தான் ஒப்புதல் தந்தார், அதுவும் காவடி விடுமுறைக்கு முதல் நாள் மாலையில்!

ஒவ்வோர் இலக்கையும் எப்படி அடைந்தீர்கள் என்று எழுதும் அறிக்கைகளைத் தோழியிடமிருந்து நகலெடுத்துவிடாதீர்கள். அதற்காக ஒழுங்கு நடவடிக்கைக்கு ஆளானவர்கள் உண்டு.